புதிய காணிப் பிரிப்புகளில் வீதி விடுதல்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணியைத் துண்டுகளாக்கி விற்பவர்களும், பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதுபவர்களும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்குபவர்களும் வரைபடத்தோடு வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பரப்பு என்று வரும் இடமெல்லாம் 10 பேர்ச் கொண்ட, ஏக்கருக்கு 16 என்று கணக்கிடப்படும் குடியிருப்புக் காணிப் பரப்பையே குறிக்கும். வயற்பரப்பு இதனிலும் சிறியது.

நொத்தாரிசும் அளவையாளரும் இருந்தால் காணியைப் பிரிக்கலாம்தானே, சபைக்கு ஏன் போக வேண்டும்?

உரிமம் பெற்ற நில அளவையாளர் காணியை அளந்து, எல்லைக்கல் நாட்டி, வரைபடம் தருகிறார். நொத்தாரிசு உரிமை கைமாறுவதை உறுதிப் பத்திரமாக எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்விக்கிறார். பிரிக்கப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் வாகனம் போய்வர வழி உண்டா, மாரி மழை வெள்ளம் எங்கே வடியும், அந்த வீதி ஊரிலுள்ள மற்ற வீதிகளோடு எப்படிச் சேரும் என்பவற்றைப் பார்த்து அனுமதி தருவது இவ்விருவருடைய வேலையும் அன்று. அது உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், காணியைத் துண்டுகளாகப் பிரிப்பதையே ஓர் அபிவிருத்தி நடவடிக்கையாகக் கொள்கிறது. ஆகவே அச்சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடமொன்றில், ஒரு செங்கல்கூட வைக்காமல் காணியைப் பிரிப்பதற்கு மட்டுமே விரும்பினாலும், முன்கூட்டியே அனுமதிப் பத்திரம் பெற்றாக வேண்டும்.

எங்கள் காணி பிரதேச சபைக்குள் இருக்கிறது. நகரத்துக்குரிய விதிகள் எங்களுக்கும் பொருந்துமா?

முதலில் காணி எந்தச் சபையின் எல்லைக்குள் இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபையும், பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி ஆகிய மூன்று நகர சபைகளும், நல்லூர் தொடக்கம் நெடுந்தீவு வரை பல பிரதேச சபைகளும் உள்ளன. எல்லைகள் எதிர்பாராத இடங்களில் வளைந்து செல்வதால், யாழ்ப்பாணம் என்று முகவரி எழுதுகிற எல்லாரும் மாநகர சபைக்குள் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

அடுத்து, அந்த இடம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனத்துக்குள் வருகிறதா என்று சபையிலேயே கேட்க வேண்டும். வருமானால், 1986ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளுக்குப் பின் 2021ஆம் ஆண்டு யூலை மாதம் வர்த்தமானியில் வெளியான திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் பொருந்தும். வராவிட்டால், புதிய தெருக்களையும் கட்டடங்களையும் கட்டுப்படுத்தும் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும், சபையின் துணைவிதிகளும் இருக்கின்றன. பிரதேச சபைக்குள் விதியே இல்லை என்று சில தரகர்கள் சொல்வது சரியன்று.

பிள்ளைகளுக்குச் சீதனமாகத்தான் பிரித்து எழுதுகிறோம், விற்கவில்லையே. அதற்கும் வீதி விட வேண்டுமா?

வேண்டும். விற்பனையோ நன்கொடையோ சீதனமோ, வரைபடத்தில் ஒரு துண்டு பல துண்டுகளானால் அது பிரிப்புத்தான். குடும்பத்துக்குள் நடக்கும் பிரிப்பிலேதான் வீதி மிகவும் கவனிக்கப்படாமல் போகிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். தாய் தகப்பன் இருக்கும்வரை அக்காவின் வளவுக்குள்ளால் தம்பி போய்வருவான். அக்காவின் பங்கு கைமாறிய பின், புதிதாக வந்தவர் மதில் கட்டும் நாளில்தான் பின்காணிக்கு வழியில்லை என்பது தெரியவரும். ஆகவே பிரித்து எழுதும்போதே பாதையைத் தனித் துண்டாக அளந்து, தனி இலக்கம் கொடுத்து வரைபடத்தில் காட்டச் செய்யுங்கள்.

எத்தனை அடி வீதி விட வேண்டும்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொல்ல இயலாததற்குக் காரணம், அகலம் மூன்று விடயங்களைப் பொறுத்தது என்பதே: அந்த வீதியால் எத்தனை துண்டுகள் அல்லது வீடுகள் பயன்பெறப் போகின்றன, வீதி எவ்வளவு நீளம், குடியிருப்புக்கா கடை, களஞ்சியம் போன்ற வேறு தேவைக்கா என்பவை. நம்மூர் வரைபடங்களில் 3, 4.5, 6, 9 மீற்றர், அதாவது ஏறத்தாழ 10, 15, 20, 30 அடி என்ற படிகளையே அதிகம் காண்பீர்கள். துண்டுகளின் தொகையும் நீளமும் கூடக்கூட அடுத்த படிக்கு ஏற வேண்டும். உங்கள் பிரிப்புக்கு எந்தப் படி என்பதை, வரைபடம் கீறுவதற்கு முன்னரே நடைமுறையிலுள்ள அட்டவணையோடு சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்த அகலம் மதிலுக்கு மதில் உள்ள முழு அகலம். தார் அல்லது கொங்கிரீட் போடும் பகுதி அதற்குள் ஒரு பகுதியே. வடிகாலும் மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் மிகுதிக்குள் இடம்பெற வேண்டும். மற்றொன்றையும் கவனியுங்கள். உங்கள் காணிக்குள் 20 அடி விட்டாலும், பிரதான வீதியிலிருந்து அங்கே வருகிற ஒழுங்கை 8 அடியாக இருந்தால், சபை அந்த ஒழுங்கையையே முதலில் பார்க்கும். அணுகுபாதை ஒடுங்கியதாயின் உள்ளே எவ்வளவு அகலம் விட்டாலும் பெரிய பிரிப்புக்கு அனுமதி கிடைப்பது கடினம்.

பத்தடி ஒழுங்கையில் கார் போய்வருகிறதே. அதற்கு மேல் எதற்கு?

ஒரு கார் போகும். எதிரே முச்சக்கர வண்டி வந்தால் யாரேனும் ஒருவர் சந்திவரை பின்னால் எடுக்க வேண்டும். நான்கைந்து வீடு இருக்கும்போது இது பெரிய குறையாகத் தோன்றாது. வீடு கட்டுவதற்கு மண்ணும் கல்லும் ஏற்றிய ரிப்பர் வரும்போதும், மலசலகூடக் குழி நிறைந்து கழிவகற்றும் பவுசர் வரும்போதும், இரவில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வண்டி வரும்போதும்தான் அந்த ஒழுங்கையின் உண்மையான அளவு தெரியும். மாநகர சபையின் தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத ஒழுங்கைகள் நகரத்துக்குள் ஏராளம்.

பழைய ஒழுங்கைகள் மாட்டுவண்டிலுக்கும் சைக்கிளுக்கும் போதுமானவையாக இருந்தன. அவற்றின் இருபுறமும் கதியால் வேலிகள் இருந்தபடியால், தேவை வந்தபோது வேலியைப் பின்தள்ளவும் முடிந்தது. இன்று இரண்டு பக்கமும் ஆறடி மதில். மதில் எழுந்தபின் ஒழுங்கையை அகட்டுவதென்றால் ஒவ்வொரு உரிமையாளரும் இணங்க வேண்டும், அல்லது சட்டப்படி சுவீகரிக்க வேண்டும். இரண்டும் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. அகலத்தைத் தீர்மானிக்க ஒரேயொரு தருணந்தான் உண்டு. அது பிரிக்கும் தருணம்.

வீதிக்கு விடுகிற நிலம் எங்களுக்கு நட்டந்தானே? பரப்பு விலை இன்று எவ்வளவென்று தெரியுமா?

கணக்கைப் பார்ப்போம். 300 அடி நீளமும் 145 அடி அகலமும் உள்ள காணி ஏறத்தாழ 16 பரப்பு. நடுவால் 10 அடி வீதி விட்டு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு துண்டாக்கினால், ஒவ்வொரு துண்டும் 100 அடிக்கு 67.5 அடி, அதாவது சுமார் 2.48 பரப்பு வரும். அதே காணியில் 20 அடி வீதி விட்டால் ஒவ்வொன்றும் 100 அடிக்கு 62.5 அடி, சுமார் 2.3 பரப்பு வரும். துண்டுக்குத் துண்டு வித்தியாசம் 500 சதுர அடி. இரண்டு பேர்ச்சும் இல்லை. முழு வீதிக்குப் போகும் நிலம் 1.1 பரப்பிலிருந்து 2.2 பரப்பாகக் கூடுகிறது.

அந்த 1.1 பரப்பின் விலை சிறிதென்று நான் சொல்லவில்லை. ஆனால் இருபதடி வீதியோரத் துண்டுக்கும் பத்தடி ஒழுங்கைத் துண்டுக்கும் பரப்புக்கு ஒரே விலை கொடுப்பவர் அரிது என்பதை விற்பவர்கள் நன்றாக அறிவார்கள். வீதியை ஒடுக்கி மீதம்பிடித்த நிலத்தின் பெரும்பகுதி இப்படி விலையில் கழிந்துவிடுகிறது. இடைஞ்சல் மட்டும் அங்கே குடியிருப்பவர்களுக்கு என்றென்றைக்கும் மிஞ்சுகிறது.

வீதிக்குரிய நிலத்தையும் சேர்த்துத் துண்டின் அளவைக் காட்டலாமா?

கூடாது. துண்டின் அளவு வீதி நீங்கலாகவே கணக்கிடப்படும். 1986ஆம் ஆண்டின் விதிகள் குடியிருப்புத் துண்டுக்குக் குறைந்த அளவாக 150 சதுர மீற்றரை, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சை வைத்தன. கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழ்கிற நமக்கு அந்த அளவும் போதாது என்பது என் கருத்து. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள்ளால் கழிவுநீர் விரைவாகக் கிணற்றை அடையும் நிலத்தில், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும், அயலவருடைய கிணற்றுக்கும் உரிய தூரத்தைச் சிறிய துண்டுக்குள் விடுவது மிகக் கடினம். அளவு சரியாக இருந்தும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மறுப்புத் தெரிவிப்பது இதனால்தான்.

வீதி எங்கள் காணியின் கடைசித் துண்டோடு முடிகிறது. அது பிழையா?

பிழையன்று, ஆனால் நீளத்துக்கு வரம்பு உண்டு, முடிவில் வாகனம் திரும்ப இடமும் விட வேண்டும். திரும்புமிடத்தை வட்டமாகவோ, இரு பக்கமும் கை நீட்டிய வடிவிலோ வரைபடத்திலேயே காட்ட வேண்டும். வாயளவில் விட்ட திரும்புமிடம் கடைசி வீட்டுக்காரரின் மதிலுக்குள் போய்விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பின்னால் உள்ள காணியும் ஒருநாள் பிரிக்கப்படக்கூடியதானால், வீதியை எல்லைவரை கொண்டுபோய் விடுவதே நல்லது. நாளைக்கு அந்தக் காணிக்காரர் தமது வீதியை அதோடு சேர்த்தால் இரண்டு பக்கத்தாருக்கும் இரண்டு வழி கிடைக்கும். முட்டி நிற்கும் வீதிகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால், அடுத்த வளவுக்குப் போகவும் பிரதான வீதியைச் சுற்ற வேண்டி வரும்.

சந்தியில் மூலையை வெட்டிவிடச் சொல்கிறார்கள். கட்டாயமா?

ஆம். இரண்டு வீதிகள் சந்திக்கும் மூலைத் துண்டின் நுனியைச் சரிவாக வெட்டி வீதியோடு சேர்ப்பது, வருகிற வாகனத்தைக் காண்பதற்கும் நீளமான வாகனம் திரும்புவதற்கும் ஆகும். வெட்டிய பகுதிக்குள் மதிலோ கடைத் தாழ்வாரமோ வரக்கூடாது.

எங்கள் காணி பிரதான வீதியோரம். பத்துத் துண்டுக்கும் பத்துப் படலை வீதிப் பக்கமே வைக்கலாமா?

அந்த வீதி யாருடையது என்பதைப் பொறுத்தது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், மற்றவை பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உரியவை. ஏ 9 கண்டி வீதி, நாவற்குழியிலிருந்து பூநகரிப் பக்கம் போகும் ஏ 32 போன்ற வீதிகளின் ஓரத்தில் பிரிப்பதானால், சபையின் அனுமதியோடு வீதிக்குரிய நிறுவனத்தின் இணக்கமும் தேவைப்படும். விரைவான போக்குவரத்துள்ள வீதியில் ஐம்பது ஐம்பது அடிக்கு ஒரு வாசல் வைப்பது விபத்துக்கு இடம்கொடுக்கும். உள்ளே ஒரு வீதி விட்டு, அதிலிருந்து துண்டுகளுக்கு வழி கொடுத்து, பிரதான வீதியில் ஒரே வாய் வைப்பதே சரியான அமைப்பு.

பிரிப்பதற்கு முன் வீதிக் கோடு, கட்டட எல்லைச் சான்றிதழைக் கட்டாயம் பெறுங்கள். வீதி எதிர்காலத்தில் எங்குவரை அகலும், கட்டடம் எவ்வளவு பின்னுக்கு நிற்க வேண்டும் என்பது அதில் இருக்கும். முன்வரிசைத் துண்டுகள் ஆழம் குறைந்தவையானால், இந்தக் கோட்டுக்குப் பின் வீடு கட்ட இடமே இல்லாமல் போகக்கூடும்.

வெள்ளம் நின்றால் சபைதானே வாய்க்கால் வெட்ட வேண்டும்? பிரிப்பவர் ஏன் வடிகால் போட வேண்டும்?

இது எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாடு ஏறத்தாழத் தட்டையான நிலம். மழைகாலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டும் மழை, மண்ணுக்குள் இறங்கியும், தாழ்ந்த காணிகளால் ஊர்ந்து குளங்களைச் சேர்ந்தும், மிகுதி கடலேரிக்குப் போயுமே வடிகிறது. இந்த வழிகள் எல்லாம் வரைபடங்களில் இல்லை. வாய்க்கால் என்று பெயர் இல்லாத, மாரியில் மட்டும் தெரிகிற பள்ளம் ஒன்று பலருடைய காணிகளுக்குள்ளால் போய்க் குளத்தைச் சேரும். 2008ஆம் ஆண்டு கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்தப் பள்ளங்கள் எங்கே இருந்தன என்பது நன்றாகத் தெரியும்.

காணியைப் பிரித்து, வீதியை உயர்த்திக் கிறவல் போட்டு, துண்டுகளை மண்ணிட்டு நிரப்பி, சுற்றி மதில் கட்டினால் அந்தப் பள்ளம் அடைபடுகிறது. தண்ணீர் அயலிலுள்ள பழைய வீடுகளுக்குள் போகிறது. பிற்பாடு சபை வாய்க்கால் வெட்ட விரும்பினாலும், வெட்டுவதற்கு நிலம் விடப்பட்டிருக்காது. ஆகவேதான் பிரிப்பவர் வீதியோடு வடிகாலுக்கும் இடம் விட்டு, தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் காட்ட வேண்டும். வடிகால் வீதியின் முனையில் முடிந்து நின்றால் அது வடிகால் ஆகாது. ஒரு மதகையோ வாய்க்காலையோ குளத்தையோ சென்றடைய வேண்டும்.

வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை: காணியை மாரியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சித்திரையில் பார்த்த காணி கார்த்திகையில் வேறு காணி.

வயற்காணியைப் பிரித்து வீதி போடலாமா?

நெற்காணியை நிரப்புவதற்கும் வேறு தேவைக்குப் பயன்படுத்துவதற்கும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் எழுத்துமூல அனுமதி வேண்டும். அது இல்லாமல் சபை பிரிப்பை ஏற்கக் கூடாது. வயல் பெரும்பாலும் முந்தைய பதிலில் சொன்ன வெள்ளம் தங்கி வடியும் இடமாகவும் இருப்பதால், விலை மலிவென்று அங்கே துண்டு வாங்குபவர்கள் மலிவின் காரணத்தை விசாரித்த பின்பே முற்பணம் கொடுக்க வேண்டும்.

பெரிய காணியானால் பொது இடமும் விட வேண்டும் என்கிறார்களே?

1986ஆம் ஆண்டின் விதிகளிலேயே, 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் வீதிகள் நீங்கலாக உள்ள நிலத்தில் 10 சதவீதத்தைச் சமூகப் பயன்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. 1 ஹெக்டேயர் நம் கணக்கில் ஏறத்தாழ 39.5 பரப்பு. இதைத் தவிர்ப்பதற்காக ஒரே காணியை இரண்டு மூன்று தவணையாகப் பிரிப்பது நடக்கிறது. சபைகள் முன்னைய வரைபடங்களையும் எடுத்துப் பார்த்து, முழுக் காணிக்கும் ஒன்றாக நிபந்தனை விதிக்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கைக்குத் தார் போடச் சொன்னால், அது தனியார் பாதை என்று சபை மறுக்கிறது. ஆதனவரி மட்டும் வாங்குகிறதே?

வரைபடத்தில் வீதி என்று எழுதியவுடன் அது சபையின் சொத்தாகிவிடாது. பிரித்தவர் எழுதிக் கொடுத்து, சபை ஏற்றுக்கொண்டு, தன் வீதிப் பட்டியலில் சேர்க்கும்வரை அந்த நிலம் பிரித்தவரின் பெயரிலேயே இருக்கும். பொதுப்பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிடச் சபைக்கு அதிகாரமில்லை. ஆதனவரி உங்கள் வீட்டுக்கும் காணிக்கும் உரியது. வீதியின் உரிமை அதனால் மாறுவதில்லை.

செய்ய வேண்டியது, பிரித்தவர் உயிரோடும் ஊரோடும் இருக்கும்போதே வீதித் துண்டைச் சபைக்கு எழுதுவிப்பது. அவர் இறந்தபின் வாரிசுகள் நான்கு நாடுகளில் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் அற்றோணித் தத்துவம் பெற்று முடிப்பது பெரும்பாடு. எழுதுவதற்கு முன் அகலம், வடிகால், எல்லைக்கல் ஆகியவை அனுமதிக்கப்பட்ட வரைபடத்துக்கு ஒத்திருக்கின்றனவா என்று சபை பார்க்கும்.

துண்டு வாங்கப் போகிறேன். வீதி சம்பந்தமாக எதையெதைப் பார்க்க வேண்டும்?

அளவையாளரின் வரைபடம் வேறு, சபை அனுமதித்த வரைபடம் வேறு. சபையின் முத்திரையும் அனுமதி இலக்கமும் உள்ள பிரதியைக் கேளுங்கள். அதைச் சபையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். உறுதியின் அட்டவணையில் உங்கள் துண்டோடு, வீதிக்கென ஒதுக்கிய துண்டின் இலக்கத்தையும், அதன்மேல் கால்நடையாகவும் வாகனத்திலும் போவதற்கும், மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் கொண்டுவருவதற்கும் உள்ள உரிமையையும் எழுதச் சொல்லுங்கள். பாதைக்கு உரித்து என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிட்டால், பிறகு குழாய் தாழ்ப்பதற்கும் சண்டை வரும். நாடாவோடு போய் அகலத்தை மூன்று நான்கு இடங்களில் அளந்தும் பாருங்கள்.

அனுமதி இல்லாமல் பிரித்த துண்டை வாங்கிவிட்டேன். இப்போது வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. என்ன வழி?

உறுதி செல்லும், நீங்கள் உரிமையாளர்தான். ஆனால் அனுமதி பெறாத பிரிப்பின் மேல் கட்டட அனுமதி கேட்கும்போது சபை மறுக்கலாம். தனித்தனியாக முயல்வதைவிட, அந்த வீதியால் பயன்பெறும் எல்லாரும் சேர்ந்து, மதில்கள் இன்னும் எழாத இடங்களில் பக்கத்துக்கு ஐந்தடி விட்டு, புதிய வரைபடம் அளப்பித்து, திருத்திய பிரிப்பாகச் சமர்ப்பிப்பதே நடைமுறையில் பலன் தரும். மேலே கணக்கிட்டது போல, ஒவ்வொருவருக்கும் இழப்பு இரண்டு பேர்ச்சுக்குள் இருக்கலாம். அனுமதியின்றிக் கட்டிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று தொடங்கினால், நீதவான் நீதிமன்றம்வரை போய் இடிக்கும் கட்டளைக்கும் உள்ளாகலாம்.

முப்பது வருடமாகப் போய்வந்த பாதையை அயலவர் அடைத்துவிட்டார். வரைபடத்தில் பாதை இல்லை. உரிமை கேட்கலாமா?

கேட்கலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், 10 ஆண்டுகள் இடையறாமலும் எதிருரிமையோடும் பாவித்த வழியுரிமையை ஏற்கிறது. ஆனால் அயலவரின் சம்மதத்தோடு, உறவின்பேரில் போய்வந்தீர்களாயின் அது எதிருரிமையாகாது. அதை மறுப்பது எதிர்த்தரப்புக்கு எளிது. அடைப்பினால் கலகம் நேரக்கூடிய நிலை இருந்தால், பொலிசில் முறையிட்டு, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் தற்காலிகக் கட்டளை பெறவும் வழியுண்டு. நிரந்தரத் தீர்ப்பு மாவட்ட நீதிமன்றத்திலேயே.

பங்குக் காணி வழக்கில் இருக்கிறது. நீதிமன்றம் பிரித்தால் வீதியும் தானாக வந்துவிடுமா?

தானாக வராது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்படி நீதிமன்றம் நியமிக்கும் ஆணையாளரான அளவையாளர் பங்கீட்டுத் திட்டம் ஒன்றை முன்வைப்பார். பாதையின் அகலத்தை அந்தக் கட்டத்திலேயே உங்கள் சட்டத்தரணி மூலம் கேட்க வேண்டும். இறுதித் தீர்ப்புக்குப் பின் மாற்றுவது மிகக் கடினம். பங்கு குறைந்துவிடும் என்ற பயத்தில் எல்லாரும் எட்டடிப் பாதைக்கு இணங்கிய பின், ஒவ்வொருவரும் கட்டட அனுமதிக்கு அலைந்த வழக்குகள் உண்டு.

வீதி முடிகிற இடத்தில் பிரித்தவர் ஒரு அடி நிலத்தைத் தன் பெயரில் வைத்திருக்கிறார். பின்காணிக்கு வழி விட மறுக்கிறார். இது சரியா?

அந்த ஒரு அடி வேறொரு உரிமையாளரின் தனிநிலமாக இருக்கும்வரை, பின்காணிக்காரர் அதைத் தாண்டி வீதியைப் பாவிக்க உரிமை கோருவது கடினம். பின்னாளில் வழி விற்பதற்காகவே சிலர் இப்படி வைப்பதுண்டு. இதைத் தடுக்கக்கூடியது சபைதான்: பிரிப்பு வரைபடத்தை அனுமதிக்கும்போது வீதித் துண்டு பின் எல்லையைத் தொடுகிறதா என்று பார்த்து, தொடாவிட்டால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். அனுமதி கொடுத்து, துண்டுகளும் விற்றுத் தீர்ந்த பின் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது, அவரிடமிருந்து அந்த நிலத்தை எழுதி வாங்குவது அல்லது பொதுத் தேவைக்கெனச் சுவீகரிக்கக் கோருவது போன்ற வழிகளே.